‘கெட்’ என்னும் வினையும் அன்றாடத் தொடர்களும்

ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகளில் ஒன்று ‘கெட்’. காலையில் படுக்கையை விட்டு எழுவது, பஸ் ஏறுவது, சம்பளம் வாங்குவது, சளி பிடிப்பது, கல்யாணம் ஆவது, சொன்னது புரிவது எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல் போதும். அகராதியைத் திறந்தால் இதற்கு நேரே பத்தி பத்தியாகப் பொருள் இருக்கும். அவற்றை வரிசையாக மனப்பாடம் செய்தால் பேசும்போது ஒன்றும் நினைவுக்கு வராது. இந்த வினையின் அடியில் இருப்பது ஒரே கருத்துதான்: முன்பு இல்லாத ஒரு நிலைக்கு வந்து சேர்வது. கையில் இல்லாத பொருள் கைக்கு வருகிறது. களைப்பில்லாத உடம்பு களைத்துப்போகிறது. வெளியே இருந்தவர் வீட்டுக்கு வந்துவிடுகிறார். எந்த வகை மாற்றம் என்பதை ‘கெட்’ சொல்வதில்லை. அதற்குப் பின்னால் வரும் சொல்தான் சொல்கிறது. ஆகவே இந்த வினையைக் கற்பது என்றால் அதன் பின்னால் எது வருகிறது என்று பார்க்கப் பழகுவதுதான்.

தமிழ் எழுத்தில் ‘கெட்’ என்று எழுதினாலும், முதல் எழுத்தைத் ‘தங்கம்’ என்ற சொல்லின் நடுவில் வரும் ககரம் போல அதிர்வோடு ஒலிக்க வேண்டும். இறந்தகால வடிவம் ‘காட்’. வினையின் மூன்றாம் வடிவம் பிரிட்டனில் ‘காட்’ என்றே நிற்கும். அமெரிக்காவில் ‘காட்டன்’ ஆகும். ‘காட்டன்’ ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் வழங்கிய பழைய வடிவம்தான். அங்கே தேய்ந்துபோனது, கடல் கடந்த இடத்தில் நிலைத்தது. ‘ஃபர்கெட்’, ‘ஃபர்காட்’, ‘ஃபர்காட்டன்’ என்ற வரிசையில் அந்தப் பழைய வடிவம் இரு நாட்டிலும் இன்றும் இருக்கிறது. மறதியைக் குறிக்கும் அந்த வினையும் ‘கெட்’டும் ஒரே வேரில் பிறந்தவை. ‘கெட்’ தனிச்சொல்லாக ஆங்கிலத்துக்கு வந்தது பழைய நார்ஸ் மொழியிலிருந்து. வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியதன் விளைவு அது. பெறுதல் என்பதே அதன் பழைய பொருள். மற்றவை அதிலிருந்து கிளைத்தவை.

காதுக்கும் கொஞ்சம் பயிற்சி வேண்டும். ‘கெட்’டுக்குப் பின் உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ‘கெட் அப்’ என்பது ‘கெட்டப்’ என்றும், ‘கெட் அவுட்’ என்பது ‘கெட்டவுட்’ என்றும் கேட்கும். அமெரிக்கர் வாயில் அந்த டகரம் ‘படம்’ என்பதில் வரும் மெல்லிய டகரமாகிவிடும். ‘கெட் இட்’ என்பதை அவர்கள் ‘கெடிட்’ என்றே சொல்வார்கள். திரைப்படத்தில் தெரிந்த சொல்லே புரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கைக்கு வருவது

‘கெட்’டுக்குப் பின் பெயர்ச்சொல் வந்தால் பெறுதல், வாங்குதல், கிடைத்தல் என்று பொருள். ‘ஐ காட் எ லெட்டர்’ என்றால் எனக்குக் கடிதம் வந்தது. ‘ஷீ காட் எ ஜாப்’ என்றால் அவளுக்கு வேலை கிடைத்தது. ‘வேர் டிட் யூ கெட் தட் ஷர்ட்?’ என்றால் அந்தச் சட்டையை எங்கே வாங்கினாய் என்ற கேள்வி. ‘ஐ காட் எ கோல்ட்’ என்றால் எனக்குச் சளி பிடித்துவிட்டது.

தமிழ் வாக்கியத்தில் எனக்கு, அவளுக்கு என்று வருவதைக் கவனிக்க வேண்டும். தமிழில் கடிதம் வருகிறது, வேலை கிடைக்கிறது, சளி பிடிக்கிறது. மனிதர் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறார். ஆங்கிலத்தில் அந்த மனிதரே எழுவாய். கடிதமும் வேலையும் சளியும் செயப்படுபொருளாகி வினைக்குப் பின்னால் போய்விடுகின்றன. தமிழ் பேசுவோர் இந்த வினையைத் தயங்கித் தயங்கிப் பயன்படுத்துவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ‘எனக்கு’ என்று மனத்தில் தொடங்கும் வாக்கியங்களில் பலவற்றை ‘ஐ’ என்று தொடங்கி, அடுத்து ‘கெட்’டைப் போட்டால் சரியான ஆங்கில வாக்கியம் அமைந்துவிடும். எனக்குத் தலைவலி வருகிறது: ‘ஐ ஆம் கெட்டிங் எ ஹெடேக்’. எனக்குப் பசிக்கத் தொடங்குகிறது: ‘ஐ ஆம் கெட்டிங் ஹங்ரி’. எனக்கு அனுமதி கிடைக்கவில்லை: ‘ஐ டிடின்ட் கெட் பர்மிஷன்’. வேலை, கடிதம், சளி, தலைவலி போல எண்ணக்கூடிய பெயர்களுக்கு முன் ‘எ’ வர வேண்டும். ‘ஐ காட் ஜாப்’ என்று அதை விழுங்கிவிடுவது பரவலான பிழை.

இந்த வழி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ‘எனக்கு ஒரு சந்தேகம்’ என்பதை ‘ஐ ஆம் கெட்டிங் எ டவுட்’ என்று வகுப்பறைகளில் கேட்கலாம். ஆங்கிலத்தில் ‘டவுட்’ என்றால் நம்பிக்கைக் குறைவு. ஆசிரியர் சொன்னது உண்மைதானா என்ற ஐயம். விளங்காததைக் கேட்க ‘ஐ ஹேவ் எ க்வெஸ்சன்’ என்பதே பொருத்தம். அதேபோல ‘எனக்கு லேட் ஆகுது’ என்பது ‘ஐ ஆம் கெட்டிங் லேட்’ என்று இந்தியா முழுவதும் ஒலிக்கிறது. பிற நாட்டவர் ‘ஐ ஆம் லேட்’ என்றோ ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்றோ சொல்வார்கள். ‘இட் இஸ் கெட்டிங் லேட்’ என்று சொன்னால் பொழுது சாய்ந்துவிட்டது, இருட்டப்போகிறது என்று பொருள்.

ஒருவருக்காகப் போய் எடுத்து வருவதற்கும் ‘கெட்’ உண்டு. ‘கேன் யூ கெட் மீ சம் வாட்டர்?’ என்பதில் இரண்டு பெயர்கள் வினைக்குப் பின் வரிசையாக நிற்கின்றன: முதலில் ஆள், பிறகு பொருள். வரிசையை மாற்றினால் நடுவில் ‘ஃபார்’ சேர வேண்டும்: ‘கெட் சம் வாட்டர் ஃபார் மீ’. கதவு மணி அடிக்கும்போதோ தொலைபேசி ஒலிக்கும்போதோ ஒருவர் ‘ஐ வில் கெட் இட்’ என்றால், நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் எழ வேண்டாம் என்று பொருள். உணவு விடுதியில் பில் வந்ததும் ‘ஐ வில் கெட் திஸ்’ என்றால் பணம் நான் கொடுக்கிறேன் என்று பொருள். இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் வெளிநாட்டுக்குப் போனால் முதல் வாரமே திகைக்க நேரும்.

புரிதலும் ஒருவகையில் பெறுதல்தான். ‘ஐ டோன்ட் கெட் இட்’ என்றால் எனக்குப் புரியவில்லை. ‘காட் இட்’ என்றால் புரிந்துவிட்டது. நகைச்சுவை பிடிபடுவதை ‘கெட் த ஜோக்’ என்பார்கள். நம் அலுவலகங்களில் எதிரில் இருப்பவர் சொன்னது விளங்காதபோது ‘ஐ ஆம் நாட் கெட்டிங் யூ’ என்கிறார்கள். இந்தப் பொருளில் ‘கெட்’ பொதுவாகத் தொடர்வினை வடிவத்தை ஏற்காது. தவிர, விளங்காமல் போனது பேச்சு, பேசியவர் அல்ல. ‘ஐ டிடின்ட் கெட் தட்’ என்றால் எங்கும் செல்லும். காதில் சரியாக விழவில்லை என்றால் ‘சாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்’ என்பது இன்னும் பணிவானது.

நிலை மாறுவது

பின்னால் வருவது பண்புச்சொல் என்றால் ‘கெட்’ தமிழின் ‘ஆகு’, ‘போ’, ‘விடு’ ஆகியவற்றின் வேலையைச் செய்யும். ‘கெட் டயர்ட்’ களைத்துப்போவது, ‘கெட் வெட்’ நனைந்துவிடுவது, ‘கெட் ஆங்ரி’ கோபம் கொள்வது, ‘கெட் பெட்டர்’ தேறுவது, ‘கெட் ரெடி’ தயாராவது, ‘கெட் லாஸ்ட்’ வழி தவறிப்போவது. ‘ஷீ இஸ் கெட்டிங் பெட்டர்’ என்றால் அவளுக்கு உடம்பு தேறி வருகிறது. ‘இட் இஸ் கெட்டிங் கோல்டர்’ என்றால் குளிர் கூடிக்கொண்டே போகிறது.

இருப்பதற்கும் ஆவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலம் விடாமல் காக்கிறது. ‘ஷீ இஸ் மேரீட்’ என்றால் அவள் மணமானவள், இன்றைய நிலை. ‘ஷீ காட் மேரீட் இன் 2015’ என்றால் அந்த ஆண்டில் நடந்த நிகழ்ச்சி. ‘ஐ வாஸ் வெட்’ என்றால் நனைந்த நிலையில் இருந்தேன். ‘ஐ காட் வெட்’ என்றால் மழையோ வேறு ஏதோ நனைத்துவிட்டது. யாரோடு திருமணம் என்று சொல்ல ‘டு’ வர வேண்டும்: ‘ஹீ காட் மேரீட் டு எ டீச்சர்’. ‘ஓடு’ என்ற தமிழ் உருபின் தாக்கத்தால் ‘வித்’ போடுவது தவறு.

இதே வேறுபாடு பழகுவதைப் பற்றிய தொடரில் பெரிய குழப்பத்தைக் கொடுக்கிறது. ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் மதுரை’ என்றால் முன்பு மதுரையில் வசித்தேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு த ஹீட்’ என்றால் வெயில் எனக்குப் பழகிப்போன ஒன்று. ‘ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு த ஹீட்’ என்றால் இப்போதுதான் பழகி வருகிறேன். முதல் வாக்கியத்தில் ‘டு’வை அடுத்து வினையின் அடிவடிவம் வருகிறது. பின்னிரண்டில் பெயரோ ‘இங்’ ஏற்ற வினையோ வரும்: ‘கெட் யூஸ்ட் டு டிரைவிங்’. அதிகாலையில் எழப் பழகிவிட்டேன் என்பதற்கு ‘ஐ காட் யூஸ்ட் டு கெட்டிங் அப் எர்லி’. ஒரே வாக்கியத்தில் ‘கெட்’ இரண்டு வேலை செய்வதை இதில் பார்க்கலாம்.

எல்லா மாற்றமும் ‘கெட்’டுக்கு உரியதல்ல. தலைமுடி நரைப்பதற்கும் இலை பழுப்பதற்கும், அதாவது நிறம் மாறுவதற்கு, ‘டர்ன்’ அல்லது ‘கோ’. சாப்பாடு கெட்டுப்போவதற்கும், பால் திரிவதற்கும், தலை வழுக்கையாவதற்கும், பார்வை போவதற்கும் ‘கோ’. தொழிலுக்கும் பதவிக்கும் ‘பிகம்’ மட்டுமே சரி. அவள் மருத்துவர் ஆனாள் என்பதை ‘ஷீ பிகேம் எ டாக்டர்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘ஷீ காட் எ டாக்டர்’ என்றால் அவள் ஒரு மருத்துவரை அழைத்து வந்தாள் என்று பொருள் மாறிவிடும்.

இடம் சேர்வது

பின்னால் இடம் வந்தால் ‘கெட்’ போய்ச் சேர்வதைக் குறிக்கும். ஊரில் புதிதாக வந்து இறங்கியவருக்கு மிகவும் பயன்படும் வாக்கியம் இதுதான்: ‘ஹவ் டூ ஐ கெட் டு த ஸ்டேஷன்?’ ஸ்டேஷனுக்கு எப்படிப் போக வேண்டும் என்ற கேள்வி. ‘கோ’ என்று கேட்டாலும் புரியும். ‘கெட்’தான் வழி கேட்பதற்கு உரிய சொல். ஆஃபீஸ், ஸ்டேஷன், சென்னை போன்ற பெயர்களுக்கு முன் ‘டு’ வேண்டும். ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ என்ற மூன்றும் ‘டு’வை ஏற்பதில்லை: ‘ஐ காட் ஹோம் அட் நைன்’.

தமிழ்நாட்டில் ஊர் போய்ச் சேர்ந்ததும் ‘ரீச்ட்’ என்று ஒற்றைச் சொல்லில் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். ‘ரீச்’ என்னும் வினைக்கு இடப்பெயர் உடனடியாக ஒட்டி வர வேண்டும், ‘டு’ சேரக்கூடாது. ‘ஐ ரீச்ட் டு சென்னை’ என்பதில் ‘டு’ பிழை. ‘ஐ ரீச்ட்’ என்று அந்தரத்தில் விடுவதும் பொது வழக்கல்ல. ‘ஐ காட் ஹோம்’, ‘ஐ காட் டு சென்னை’ என்று சொன்னால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

வண்டி ஏறுவதும் இறங்குவதும் தனியாகப் பார்க்க வேண்டியவை. தமிழில் எந்த வண்டியானாலும் ஏறு, இறங்கு என்ற இரு சொற்கள் போதும். ஆங்கிலம் வண்டியைப் பார்த்துச் சொல்லை மாற்றுகிறது. உள்ளே நின்று நடமாட இடம் இருக்கும் பஸ், ரயில், விமானம், கப்பல் ஆகியவற்றுக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. காலை இருபக்கமும் போட்டு உட்காரும் சைக்கிள், மோட்டார் சைக்கிள், குதிரை ஆகியவற்றுக்கும் அதுவே. குனிந்து நுழைந்து உட்கார வேண்டிய கார், டாக்ஸி, ஆட்டோ ஆகியவற்றுக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. இறங்கும்போது வண்டியின் பெயரையும் சொல்ல வேண்டுமானால் ‘கெட் அவுட் ஆவ் த கார்’ என்று ‘ஆவ்’ சேரும். இந்த ‘ஆவ்’ வேறு, இறங்குவதற்கு உரிய ‘ஆஃப்’ வேறு. முன்னது அதிர்வோடு வகரத்தில் முடியும். பின்னது காற்றொலியில் முடியும்.

நம் ஊரில் ‘எந்த ஸ்டாப்பில் இறங்கணும்?’ என்பதை ‘வேர் டூ யூ கெட் டவுன்?’ என்று கேட்பது வழக்கம். இந்திய ஆங்கிலத்தில் இது நன்றாக வேரூன்றிவிட்டது. இந்தியர்களுக்குள் இதைத் திருத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. லண்டனிலோ டொராண்டோவிலோ பஸ் ஓட்டுநரிடம் பேசும்போது ‘கெட் ஆஃப்’ என்று மாற்றிக்கொள்வது நல்லது. அங்கே ‘கெட் டவுன்’ என்பது ஏணி, மரம், மதில் போன்ற உயரத்திலிருந்து கீழே வருவது. அல்லது ஆபத்து நேரத்தில் தரையோடு தரையாகக் குனிந்துகொள்ளச் சொல்லும் கட்டளை. ‘கெட் டவுன் டு வொர்க்’ என்றால் பேச்சை நிறுத்திவிட்டு முனைந்து வேலையில் இறங்குவது. இங்கே தமிழும் ‘இறங்கு’ என்ற அதே சொல்லைக் கொண்டிருப்பதால் நினைவில் வைப்பது எளிது.

சிறு சொற்கள் சேரும்போது

‘அப்’, ‘ஓவர்’, ‘த்ரூ’, ‘பை’, ‘பேக்’ போன்ற சிறு சொற்கள் ‘கெட்’டோடு சேர்ந்து புதுப் பொருள் தருகின்றன. இவற்றில் பல, மேலே சொன்ன இடப்பெயர்ச்சியிலிருந்தே பிறந்தவை. ஒரு தடையைத் தாண்டி அப்பால் போவது ‘கெட் ஓவர்’. அந்தத் தடை காய்ச்சலாகவோ துக்கமாகவோ இருந்தால் அதிலிருந்து மீள்வது. ‘ஷீ நெவர் காட் ஓவர் ஹிஸ் டெத்’ என்றால் அவர் இறந்த துயரத்திலிருந்து அவள் மீளவே இல்லை. ஒன்றின் உள்ளே புகுந்து மறுபக்கம் வருவது ‘கெட் த்ரூ’. தேர்வில் தேறுவது, வேலையை முடிப்பது, கடினமான காலத்தைக் கடப்பது, தொலைபேசி இணைப்புக் கிடைப்பது எல்லாம் அதில் அடங்கும். ‘ஐ குட்ன்ட் கெட் த்ரூ டு த பேங்க்’ என்றால் வங்கிக்கு எத்தனை முறை அழைத்தும் லைன் கிடைக்கவில்லை. கையில் உள்ளதை வைத்து எப்படியோ காலம் தள்ளுவது ‘கெட் பை’.

‘கெட் அப்’ என்பது படுக்கையிலிருந்தோ இருக்கையிலிருந்தோ எழுவது. கண் விழிப்பது ‘வேக் அப்’. தமிழில் ‘ஐந்து மணிக்கு எழுந்துவிட்டேன்’ என்பது இரண்டையும் உள்ளடக்கும். ஆங்கிலத்தில் ஐந்துக்கு ‘வேக் அப்’ செய்தவர் ஆறு மணிக்குத்தான் ‘கெட் அப்’ செய்யலாம். நடுவில் ஒரு மணி நேரம் புரண்டு படுத்திருக்கலாம்.

மனிதர்களோடு ஒத்துப்போவது ‘கெட் ஆன் வித்’ அல்லது ‘கெட் அலாங் வித்’. முன்னது பிரிட்டனிலும் பின்னது அமெரிக்காவிலும் மிகுதி. மாமியாரும் மருமகளும் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்பதற்கு ‘தே கெட் ஆன் வெல்’. பிரிட்டனில் ‘ஹவ் ஆர் யூ கெட்டிங் ஆன்?’ என்று கேட்டால் காரியங்கள் எப்படிப் போகின்றன என்று நலம் விசாரிப்பது. வண்டி ஏறுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நண்பர்கள் கூடுவது ‘கெட் டுகெதர்’. இது பெயர்ச்சொல்லாகவும் தமிழ்ப் பேச்சுக்குள் வந்துவிட்டது.

அலுவலகத்தில் தவிர்க்க முடியாதது ‘கெட் பேக்’. திரும்பி வருவது அதன் நேர்ப் பொருள். ‘டு’ சேர்த்து ‘ஐ வில் கெட் பேக் டு யூ’ என்றால் விசாரித்துவிட்டுப் பிறகு பதில் சொல்கிறேன் என்ற உறுதி. ‘அட்’ சேர்ந்து ‘கெட் பேக் அட்’ என்றால் பழி தீர்த்துக்கொள்வது. ஒரு சிறு சொல் மாறியதும் பணிவு பகையாகிவிடுவதால் மின்னஞ்சலில் இதைக் கவனித்து எழுத வேண்டும்.

தப்பி ஓடுவது ‘கெட் அவே’. குற்றம் செய்தும் தண்டனை இல்லாமல் தப்பிப்பது ‘கெட் அவே வித்’. செய்த குற்றம் ‘வித்’துக்குப் பின் வரும். வேண்டாததை ஒழித்துக்கட்டுவது ‘கெட் ரிட் ஆவ்’: பழைய நாற்காலியை விற்றாலும் குப்பையில் போட்டாலும் எறும்பை விரட்டினாலும் இதுவே. நேரம் கிடைக்காமல் தள்ளிப்போட்ட வேலையைக் கடைசியில் செய்வது ‘கெட் அரவுண்ட் டு’. சொல்ல வந்த கருத்தைக் கேட்பவர் மனத்தில் பதிய வைப்பது ‘கெட் அக்ராஸ்’. ‘வாட் ஆர் யூ கெட்டிங் அட்?’ என்றால் சுற்றி வளைக்காமல் என்ன சொல்ல வருகிறாய் என்ற கேள்வி. குரலில் கொஞ்சம் எரிச்சல் இருக்கும்.

‘இட்’, ‘தெம்’ போன்ற பதிலிப் பெயர்கள் எங்கே நிற்கும் என்பதும் முக்கியம். கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவது ‘கெட் இட் பேக்’. பதிலிப் பெயர் நடுவில். நோயிலிருந்து மீள்வது ‘கெட் ஓவர் இட்’. பதிலிப் பெயர் கடைசியில். இடம் மாற்றி ‘கெட் இட் ஓவர் வித்’ என்றால் விருப்பமில்லாத வேலையைச் சட்டென்று முடித்துத் தொலைப்பது. பல் பிடுங்கப் போகிறவர் சொல்லும் தொடர் அது. இதற்குச் சுருக்கமான விதி கிடையாது. ஒவ்வொரு தொடரையும் ‘இட்’டோடு சேர்த்தே வாயால் சொல்லிப் பழகுவதுதான் பலன் தரும்.

பிறரைக் கொண்டு செய்விப்பது

முடிதிருத்தகத்துக்குப் போய்வந்தவர் ‘முடி வெட்டினேன்’ என்று தமிழில் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆங்கிலத்தில் ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கத்தரிக்கோலைத் தானே பிடித்ததாக அர்த்தம். வேறொருவர் செய்தார் என்றால் ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்று சொல்ல வேண்டும். ‘கெட்’, பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம் என்பது அமைப்பு. கடையில் கொடுத்து போனைச் சரிசெய்தேன்: ‘ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்’. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும்: ‘ஐ நீட் டு கெட் மை பாஸ்போர்ட் ரின்யூட்’. செய்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. ‘ஐ ரிப்பேர்ட் மை ஃபோன்’ என்று சொல்பவரிடம் அடுத்த நாள் நாலு பேர் தங்கள் போனைக் கொண்டுவந்து நீட்டுவது இயல்பு.

செய்பவரையும் குறிப்பிட்டால் அமைப்பு மாறும்: ‘ஐ காட் மை பிரதர் டு ஹெல்ப் மீ’. ஆளுக்குப் பின் ‘டு’, அதன்பின் வினையின் அடிவடிவம். இதே பொருளுக்கு நெருங்கிய ‘மேக்’ என்ற வினை ‘டு’வை ஏற்பதில்லை: ‘ஐ மேட் மை பிரதர் ஹெல்ப் மீ’. இரண்டுக்கும் உள்ள பொருள் வேறுபாடு நுட்பமானது. ‘மேக்’கில் கட்டாயம் இருக்கிறது, ‘கெட்’டில் கேட்டோ கெஞ்சியோ பேசியோ சம்மதிக்க வைத்த முயற்சி இருக்கிறது. பிள்ளையைச் சாப்பிட வைக்கப் பாடுபடும் தாய்க்கு உரியது ‘கெட் ஹிம் டு ஈட்’.

அடி வாங்குவதும் பரிசு வாங்குவதும்

‘கெட்’டுக்குப் பின் நேராக வினையின் மூன்றாம் வடிவம் வந்தால் செயப்பாட்டு வாக்கியம் பிறக்கும். ‘ஹீ காட் காட்’ என்று தமிழ் எழுத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், இரண்டாவது சொல் பிடிபடுவதைக் குறிக்கும் வினை: அவன் மாட்டிக்கொண்டான். ‘ஷீ காட் ப்ரமோட்டட்’ அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ‘தே காட் பெய்ட்’ அவர்களுக்குச் சம்பளம் வந்தது. ‘ஹிஸ் கார் காட் ஹிட்’ அவன் காரில் வண்டி மோதிவிட்டது. ‘வாஸ்’ போட்டும் இவற்றைச் சொல்லலாம். ‘கெட்’ போட்டால் பேச்சு வழக்கின் நெருக்கமும், அந்த ஆளுக்கு நல்லதோ கெட்டதோ நேர்ந்துவிட்டது என்ற உணர்வும் சேரும். பாலம் கட்டப்பட்டது, சட்டம் இயற்றப்பட்டது போன்ற, யாருக்கும் ஒன்றும் நேராத செய்திகளில் ‘கெட்’ ஒட்டாது.

தமிழருக்கு இந்த அமைப்பு அந்நியமானதல்ல. ‘அடி வாங்கினான்’, ‘திட்டு வாங்கினாள்’ என்று பேச்சிலும், ‘நியமிக்கப்பெற்றார்’, ‘அழைக்கப்பெற்றனர்’ என்று எழுத்திலும் வாங்குதலையும் பெறுதலையும் செயப்பாட்டுக்குத் தமிழும் பயன்படுத்துகிறது. பெறுதலைக் குறிக்கும் சொல் நேர்வதைக் குறிக்கவும் பயன்படுவது இரு மொழிக்கும் பொது. ‘அவன் திட்டு வாங்கினான்’ என்பதை அப்படியே ‘ஹீ காட் ஸ்கோல்டட்’ என்று சொல்லலாம். ஆனால் ‘ஐ காட் பாஸ்’ என்று மாணவர் சொல்வது இந்த அமைப்பில் சேராது. தேர்ச்சி பெறுவது அவரே செய்யும் செயல். ‘ஐ பாஸ்ட்’ என்றால் போதும்.

‘ஹேவ் காட்’

‘ஹேவ்’ முன்னால் வந்து ‘ஹேவ் காட்’ என்றானால் பெறுதல் மறைந்து உடைமை மட்டும் நிற்கும். ‘ஐ ஹேவ் காட் டூ சிஸ்டர்ஸ்’ என்றால் எனக்கு இரண்டு சகோதரிகள் இருக்கிறார்கள். கேள்வியும் எதிர்மறையும் ‘ஹேவ் யூ காட்?’, ‘ஐ ஹேவின்ட் காட்’ என்று அமையும். பிரிட்டனில் இது அன்றாடப் பேச்சு. அமெரிக்காவில் ‘டூ யூ ஹேவ்?’ என்று கேட்பதே மிகுதி. அமெரிக்கர்கள் ‘காட்’, ‘காட்டன்’ இரண்டையும் வைத்துப் பொருளையும் பிரிக்கிறார்கள். ‘ஐ ஹேவ் காட் எ கார்’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது. ‘ஐ ஹேவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கிவிட்டேன்.

‘ஹேவ் காட் டு’ என்று ‘டு’வும் வினையும் சேர்ந்தால் கட்டாயம்: ‘ஐ ஹேவ் காட் டு கோ’, நான் போயாக வேண்டும். பேச்சில் இது ‘காட்டா’ என்று சுருங்கும். திரைப்படங்களிலும் பாடல்களிலும் காதில் விழும் ‘ஐ காட்டா கோ’ இதுதான். இறந்தகாலத்தில் இந்த வடிவம் வழங்குவதில்லை. போக வேண்டியிருந்தது என்பதற்கு ‘ஐ ஹேட் டு கோ’. இதோடு ‘கெட் டு’வைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘ஐ காட் டு மீட் ஹெர்’ என்றால் அவளைச் சந்திக்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஒன்று கட்டாயம், மற்றது கொடுப்பினை. ‘கெட் டு நோ’ என்பது ஒருவரோடு பழகி அறிமுகமாவது.

‘இங்’ ஏற்ற வினை பின்னால் வருவது மிகக் குறைவு. ‘கெட் கோயிங்’, ‘கெட் மூவிங்’ இரண்டும் கிளம்புவதைக் குறிக்கும். ‘கெட் டாக்கிங்’ பேச்சுத் தொடங்குவது.

கட்டளையாகும்போது

வழி தவறுவதைக் குறிக்கும் ‘கெட் லாஸ்ட்’, எதிரில் இருப்பவரைப் பார்த்துக் கட்டளையாகச் சொன்னால் தொலைந்துபோ என்ற வசை. ‘கெட் அவுட்’ என்பதும் தமிழ்த் திரைப்படங்களில் முதலாளிகளும் அப்பாக்களும் வாசலைக் காட்டிச் சொல்லும் சொல்லாகவே பழகியிருக்கிறது. காரிலிருந்து இறங்கும்படி விருந்தினரிடம் சொல்லவும் இலக்கணப்படி இதுவே சொல் என்றாலும், வெறும் கட்டளையாக விடாமல் ‘யூ கேன் கெட் அவுட் ஹியர்’ என்று நீட்டிச் சொல்வது மரியாதை. அமெரிக்கர் வியப்பில் ‘கெட் அவுட்!’ என்றால் நம்பவே முடியவில்லையே என்று பொருள். அங்கே கோபம் எதுவும் இல்லை. ‘கெட் வெல் சூன்’ நோயாளிக்குச் சொல்லும் வாழ்த்து.

எழுத்தில் எங்கே விலக்குவது

பேச்சில் ‘கெட்’டை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தினாலும் பேச்சு இயல்பாகவே இருக்கும். எழுத்தில் அப்படியல்ல. பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாகப் பள்ளி ஆசிரியர்கள் கட்டுரையில் இந்த வினையைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அது மிகையான கண்டிப்பு. நண்பருக்கு எழுதும் மடலில் ‘ரிசீவ்’ என்றும் ‘அப்டெய்ன்’ என்றும் எழுதினால் விறைப்பாகத்தான் இருக்கும். விண்ணப்பம், அறிக்கை, ஆய்வுக் கட்டுரை, ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வுகளின் கட்டுரைப் பகுதி ஆகியவற்றில் மட்டும் ‘கெட்’டைக் குறைத்துக்கொள்வது நல்லது. கடிதம் வந்ததற்கு ‘ரிசீவ்’, அனுமதியோ சான்றிதழோ பெறுவதற்கு ‘அப்டெய்ன்’, நிலை மாறுவதற்கு ‘பிகம்’, இடம் சேர்வதற்கு ‘அரைவ்’ அல்லது ‘ரீச்’, நோயிலிருந்து மீள்வதற்கு ‘ரிகவர்’, ஒழிப்பதற்கு ‘ரிமூவ்’ அல்லது ‘எலிமினேட்’, செயப்பாட்டில் ‘வாஸ்’ என்று மாற்றலாம். ‘ஹேவ் காட்’ வெறும் ‘ஹேவ்’ ஆகும். ‘காட்டா’வை எழுத்தில் கொண்டுவரவே கூடாது. மாற்றுச் சொல் இல்லாதவையும் உண்டு. ‘கெட் மேரீட்’டுக்குப் பதில் ‘மேரி’ என்று எழுதினால் பெரும்பாலும் யாரை என்றும் சொல்ல வேண்டியிருக்கும். யாரை என்பது தேவையில்லாத இடத்தில் எவ்வளவு முறையான எழுத்திலும் ‘கெட் மேரீட்’ என்றே எழுதலாம்.